வலி முதல் நாளே வந்துவிட்டது

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஆடி மாசம். எண்ணூரில் கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் குப்பத்தில் நடந்தது. ஆடியில் எங்களுக்குக் காற்று மேற்கிலிருந்து வரும். மேற்கே இருப்பதெல்லாம் தொழிற்சாலைகள். மற்றவர்களுக்கு ஆடி என்றால் அம்மன் கோயில் கூழும் தள்ளுபடிப் புடவையும். எங்களுக்கு அதோடு மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு ஈரத்துணியும் வேண்டும். ஒரு நாள் அழுகின முட்டை மாதிரி அடிக்கும், இன்னொரு நாள் பினாயில் மாதிரி அடிக்கும். கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண் யாராவது வாந்தி எடுத்தால், நல்ல சேதியா இல்லை நாற்றமா என்று கேட்டுச் சிரிப்போம். அந்த அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

என் கணவர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒருத்தர். குரல் பெரிசு, கோபமும் பெரிசு. தெருவில் தண்ணீர் லாரி வரவில்லை என்றாலும் இவர்தான் முதலில் போய் நிற்பார். வீட்டில் கேஸ் அடுப்பு எரியவில்லை என்றால் மட்டும் அது என் வேலை. சர்க்கரை வியாதி உண்டு, மாத்திரையும் உண்டு, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைக்க நான்தான் கத்திக்கொண்டிருப்பேன்.

சாப்பாட்டில் மட்டும் அவர் குறை வைத்தது கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் மீன் குழம்பு வாசனைக்கு எழுந்து உட்காருகிற ஆள். அன்று சாயங்காலம் கானாங்கெளுத்தி குழம்பு வைத்திருந்தேன். இரண்டு வாய் எடுத்து வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். எந்த வீட்டில் தின்றுவிட்டு வந்தாய் என்று கேலி செய்தேன். தொப்புளைச் சுற்றி ஒரு மாதிரி பிசைகிறது, சோற்றைப் பார்த்தாலே பிடிக்கவில்லை என்றார். ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தார். கடலில் வெயில் அதிகம், சூடு பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும் நேரத்தில் நாற்றம் வந்தது. அதுவரை நாங்கள் பேர் வைக்காத நாற்றம். கண்ணில் மிளகாய்ப் பொடியை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது. மூச்சை இழுத்தால் தொண்டை அடைத்தது. தெருவே கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடியது. மீன் ஏற்றுகிற குட்டி யானை வண்டியில் கிழவிகளைத் தூக்கிப் போட்டு அனுப்பினார்கள். கைக்குழந்தைகளை முந்தானைக்குள் மூடிக்கொண்டு பெண்கள் கடற்கரைப் பக்கம் ஓடினார்கள். என் கணவர் ஓடவில்லை. ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லோரையும் எழுப்பினார். நடு நடுவே குனிந்து வாந்தி எடுத்தார். நானும் எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். ஊரே வாந்தி எடுக்கும்போது ஒருத்தருடைய வாந்தியை மட்டும் தனியாகப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

வெயில் ஏறியதும் நாற்றம் அடங்கிவிட்டது. அதற்கப்புறம் ஆத்திரம் கிளம்பியது. மொத்த ஊரும் தொழிற்சாலை கேட்டுக்கு முன்னால் போய் ரோட்டில் உட்கார்ந்தது. போலீஸ் வந்தது, டிவிக்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்தில் அவசரமாக மருத்துவ முகாம் போட்டார்கள்.

முகாமில் இரண்டே டாக்டர்கள். வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கண் எரிச்சல், இருமல், வாந்தி, வயிற்று வலி என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினால் அவர்களும் ஒரே மருந்தைத்தான் கொடுப்பார்கள். எங்கள் முறை வந்தபோது இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டாக்டரிடம், இவருக்கு நேற்று சாயங்காலமே வயிறு வலித்தது, சாப்பிடவே இல்லை என்று ஆரம்பித்தேன். பேச்சை முடிக்கவில்லை. என் கணவரின் கூட்டாளி, அவரும் பஞ்சாயத்தில் இருப்பவர், என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டார். இருவரும் ஒரே படகில் வளர்ந்தவர்கள். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா அண்ணி நேத்தே வலின்னு சொல்லிகினு கீற? அத்த ஒருத்தன் எழுதிகினான்னா போதும், கம்பெனிக்காரன் ஊருக்கே ஒன்னியும் ஆவலன்னுடுவான்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதற்கு முன்னால் நாற்றம் வந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். இருமல் என்றால் பீடி குடிக்கிறாயே என்பார்கள். தலைவலி என்றால் வெயிலில் நின்றாயே என்பார்கள். எதைச் சொன்னாலும் அதற்கு வேறு ஒரு காரணம் அவர்களிடம் தயாராக இருக்கும். இந்தத் தடவையாவது வாயை இறுக்க மூடிக்கொண்டு எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று ஊர் பேசி வைத்திருந்தது. அந்த நேரத்தில் நேற்றே வலித்தது என்று ஒருத்தி சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

நான் திரும்பி வருவதற்குள் டாக்டரிடம் இவரே சொல்லிக்கொண்டிருந்தார், விடிகாலை நாற்றம் அடித்ததிலிருந்துதான் வலி என்று. அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. காலையிலிருந்து அதையே பத்துப் பேரிடம் சொல்லி, பத்துப் பேர் அவரிடம் சொல்லி, அவருக்கே அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. ஒரு ஊசி போட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். ஊசி போட்டதும் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. நேராகத் தொழிற்சாலை கேட்டுக்குப் போய்விட்டார்.

டிவிக்காரர்களுக்கு நின்றுகொண்டு பேசுகிற ஆள் வேண்டாம், மடங்கி உட்கார்ந்திருக்கிற ஆள்தான் வேண்டும். இவரைப் பார்த்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இவரை முன்னால் உட்கார வைத்தார்கள் எங்கள் ஆட்கள். புதிதாக ஒரு சேனல் வந்தால், இவரைப் பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். கட்சிக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்கும் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். காசிமேட்டில் கட்டிக் கொடுத்திருக்கும் என் மகள் அங்கே டிவியில் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். அப்பா ஏன் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டாள். அப்போதுதான் நானும் கவனித்துப் பார்த்தேன். நேற்று தொப்புளில் இருந்த கை, இறங்கி வலது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. இருமல் வந்தால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டுதான் இருமினார்.

சாயங்காலம் கூட்டாளியின் பைக்கில் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். தெரு முனையில் இருக்கிற வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது அம்மா என்று கத்திவிட்டார். கடலில் கொக்கி கையில் குத்தி மறுபக்கம் வந்தபோதுகூடக் கத்தாத மனுஷன். உடம்பு லேசாகச் சுட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இது நாற்றத்தால் வந்த வலி மாதிரி இல்லை என்று சொன்னேன். சண்டையே போட்டேன்.

"நாளைக்கி ஆபீசருங்க வர்றாங்க மே. நா இல்லாங்காட்டி அவனுங்க யார காட்டுவானுங்க? பேச்சு முடியட்டும், போலாம்."

வாசலில் நின்ற நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தர் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். இன்னொருத்தர் முகாமிலிருந்து வலி மாத்திரை வாங்கி வந்தார். அவர்மேல் எல்லோருக்கும் அவ்வளவு பிரியம். ஆனால் அவருடைய வலி அன்றைக்கு அவருடையதாக இல்லை. அதை ஊர் எடுத்து வைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, வலி நின்றுவிட்டது என்றார். நான் நம்பவில்லை. எழுந்து இரண்டு அடி நடந்து காட்டினார். டீ கேட்டார். முகத்தில் ஒரு தெளிச்சி. நான் ஓடிப்போய் அம்மன் கோயிலில் சூடம் ஏற்றிவிட்டு வந்தேன். இதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் உடம்பு பதறுகிறது. என் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய கேடு நடந்த அந்த வேளையில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பேச்சுவார்த்தை பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. இவரை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் நின்றோம். அதிகாரி பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இவருக்கு நடுக்கம் எடுத்தது. நாற்காலி தரையில் தடதடவென்று அடிக்கிற அளவுக்கு நடுக்கம். சட்டை முழுக்க வேர்வை. உதடு வெளுத்துப்போயிருந்தது. அப்படியே கூட்டாளியின் தோளில் சாய்ந்தார். கேமராக்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. நான் ஜன்னலிலிருந்து கத்தினேன், எடுக்காதீர்கள் என்று. யாரும் காதில் வாங்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. எண்ணூர் ரோட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. சைரனைக் கேட்டாலும் அவை நகர இடம் இல்லை. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நேற்று வேகத்தடைக்குக் கத்தியவர் இன்று முனகக்கூட இல்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பலகை மாதிரி இருந்தது. என் எதிரே உட்கார்ந்திருந்த கூட்டாளி போனில் யாருக்கோ, எங்க ஆள் ஒருத்தர் சீரியஸ், விஷக்காற்றால் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். வயசு என் மகள் அளவுதான் இருக்கும். எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் நாற்றத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தர் போனில் டிவி வீடியோவையே காட்டினார். அந்தப் பெண் காது கொடுத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவர் வயிற்றில் மெல்ல அழுத்திப் பார்த்தாள். அப்புறம் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா, காரணம் எதுவும் சொல்லாதீங்க. கடைசியா எப்போ நல்லா சாப்பிட்டாரு? அதை மட்டும் சொல்லுங்க."

அந்த ஒரு கேள்விக்காகவே இரண்டு நாளாகக் காத்திருந்த மாதிரி இருந்தது எனக்கு. கானாங்கெளுத்தி குழம்பைத் தள்ளிவிட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொப்புளில் பிசைந்தது, அதற்கப்புறம்தான் நாற்றம் வந்தது, வலி கீழே இறங்கியது, வேகத்தடையில் கத்தியது. இன்று காலையில் வலி நின்றுவிட்டது, டீ கூடக் குடித்தார் என்று கொஞ்சம் ஆறுதலாகச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியது அங்கேதான்.

"வலி நின்னதா நினைச்சீங்களாம்மா? அப்பதான் வெடிச்சிருக்கு."

குடல்வால். அப்பெண்டிக்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஸ்கேனும் அதையே சொன்னது. உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் அவள் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும், சாப்பாடு பிடிக்காது, வாந்தி வரும், அப்புறம் வலி வலது பக்கம் கீழே இறங்கும். பெரும்பாலும் இந்த வரிசைதான். வெடித்த உடனே சில பேருக்குக் கொஞ்ச நேரம் வலி குறைந்த மாதிரி இருக்கும், அதற்குள் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும். நேற்றுக் காலையிலேயே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்றாள். கேட்டதற்குத்தான் சொன்னாள், குத்திக்காட்டவில்லை.

அவருக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. வயிற்றைக் கழுவித் தைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு தடவை உள்ளே விட்டார்கள். கண் திறந்து, ஆபீசருங்க இன்னா சொன்னாங்க என்று கேட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். ஒன்றுமே முடிந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. சீழின் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது, கிட்னி வேலை செய்யவில்லை என்று வரிசையாகச் சொன்னார்கள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

அவரைக் கொண்டுவந்தபோது தெரு முனையில் பேனர் கட்டியிருந்தது. டிவியில் வந்த அதே முகம். விஷக்காற்றுக்குப் பலியானார் என்று கீழே பெரிய எழுத்து. அழுதுகொண்டிருந்த எனக்கு அதைப் பார்த்ததும் அழுகை நின்றுபோனது. காரியம் முடிந்த பிறகு கூட்டாளியிடம், அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கை கூப்பினார். விசாரணைக்கு அதிகாரிகள் வருகிறார்கள், வலி நாற்றத்துக்கு அப்புறம்தான் வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு அண்ணி, இது உனக்காக இல்லை, ஊர்க் குழந்தைகளுக்காக என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அன்று எங்கள் தெருக் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறியது பொய் இல்லை. என் கண்ணும்தான் எரிந்தது.

விசாரணையும் அதே பள்ளிக்கூடத்தில்தான். ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் தொழிற்சாலை ஆட்கள், நடுவில் மேஜை போட்டு அதிகாரி. தொழிற்சாலை பக்கமிருந்து வந்தவர் இஸ்திரி போட்ட சட்டையில், மிகவும் மரியாதையாகப் பேசினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த விவரம் அவர் கையில் ஏற்கனவே இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் இறந்ததற்கும் வாயுக் கசிவுக்கும் சம்பந்தம் இல்லை, அப்படித்தானேம்மா என்று கேட்டார். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"வலி நாத்தத்துக்கு முன்னாடியே வந்துட்ச்சு சார். ஆனா அந்த நாத்தம் மட்டும் இல்லாங்காட்டி, விடிஞ்சதும் நா அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருப்பேன். ரெண்டயும் எழுதிக்குங்க."

மேஜைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் முதல் பாதியை எழுதினார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊரில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் காட்டிக்கொடுத்துவிட்டேனாம். கூட்டாளி இன்றைக்கும் என் வாசலைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். அவரை வெறுக்கலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. ஆம்புலன்ஸில் அவர் அழுததை நான்தான் பார்த்தேன். தொழிற்சாலைக்காரர்களை வெறுக்க மட்டும் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை, ஆடிக்கு ஆடி அவர்களே அதற்கு உதவி செய்கிறார்கள்.

இப்போதும் நாற்றம் வந்தால் தெரு ஓடுகிறது, நானும் ஈரத்துணியோடு ஓடுகிறேன். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது நின்றால், என்னோடு பேசாதவர்களாக இருந்தாலும் கிட்டப் போய், நேற்று ராத்திரி சாப்பிட்டாயா, வலி எங்கே ஆரம்பித்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். சில பேர் பதில் சொல்கிறார்கள், சில பேர் முறைக்கிறார்கள். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்: டாக்டர் முன்னால் உட்காரும்போது வலி எப்போது வந்தது, எப்படி நகர்ந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள், எதனால் வந்தது என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு போக வேண்டாம், இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மனுஷனைக் கொடுக்க வேண்டியிருந்தது.